வாள்மங்கலம்: எடையும் பெயரும்

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே, புகைவண்டியில் போகிறவர்கள் பலரும் இறங்காமலே கடந்துவிடும் திருமுல்லைவாயிலில் மாசிலாமணீசுவரர் திருக்கோயில் இருக்கிறது. குறும்பரோடு பொரப் போன தொண்டைமான் ஒருவனுடைய யானையின் காலை முல்லைக்கொடி பின்னிக்கொண்டது. அதை அறுக்கத் தன் வாளை வீசினான். கொடியின் அடியிலிருந்து குருதி பெருகியது. உள்ளே சிவலிங்கம் இருந்தது. பிழை உணர்ந்த மன்னன் அதே வாளைத் தன் கழுத்தில் வைத்தான். இறைவன் தோன்றித் தடுத்தான். தலபுராணம் சொல்லும் செய்தி இது. தொண்டைமான் களிற்றை முல்லைக்கொடி கட்டிய செய்தியைச் சுந்தரரும் இத்தலத்துப் பதிகத்தில் குறித்திருக்கிறார். வாள் பட்ட வடு ஆறுவதற்காக இலிங்கத்திற்குச் சந்தனக் காப்பு இடுவதாக இன்றும் சொல்வார்கள். குறும்பர் கோட்டையிலிருந்து கொண்டுவந்தவை எனப்படும் எருக்கந்தூண்கள் இரண்டும் அங்கே நிற்கின்றன.

இலிங்கத்தைக் காண்கிறோம், தூண்களைக் காண்கிறோம், வடுவைப் பற்றிக் கேட்கிறோம். அந்த வாள் என்ன ஆயிற்று என்று எவரும் கேட்பதில்லை. புராணத்து வாளைத் தேடுவது பேதைமை என்று சிலர் நகைக்கலாம். நகைப்பு நியாயமே. ஆயினும் தமிழகத்தின் மெய்யான வாள்கள் என்ன ஆயின என்ற வினா நகைப்பிற்குரியதன்று. நம் வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், கவிதையைப் பேணுவோர் கூடியிருக்கும் இந்த மலரில், படைக்கலம் பேணிய வரலாற்றைச் சிறிது எண்ணிப் பார்ப்பது பொருந்தும் என்று கருதுகிறேன். காரணம், அந்த வரலாற்றின் முதற்சான்றை நமக்குத் தந்தவரே ஒரு புலவர்.

ஔவையார் கண்ட படைக்கொட்டில்

புறநானூற்றின் 95-ஆம் பாடல் அவையோர்க்குப் புதிதன்று. அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராக ஔவையார் தொண்டைமானிடம் செல்கிறார். தன் வலிமையைக் காட்ட விரும்பிய தொண்டைமான் தன் படைக்கொட்டிலை அவருக்குக் காட்டுகிறான். அங்கே படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தி, நெய் பூசப்பெற்றுக் காவல் மிகுந்த மனையில் கிடக்கின்றன. அதியமானுடைய படைக்கலங்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று புகழ்வது போலப் பழித்தார் புலவர். திருமுல்லைவாயில் தொண்டைமானும் இவனும் ஒருவரல்லர். பெயரும் நாடும் மட்டுமே பொது. இருவர் செய்தியிலும் படைக்கலம் நடுநாயகமாக நிற்பது நமக்கு வாய்த்த பேறு.

இப்பாடலை வஞ்சப் புகழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாகவே வகுப்பறையில் பயின்றோம். போர் தவிர்க்கச் சென்ற தூதரின் சொல் அது. அந்த அவையில் அதற்குரிய வேலையைச் செய்தது. ஆனால் இன்று வரலாற்று மாணவனாக அதைப் படிக்கும்போது, புலவர் எள்ளிய பக்கமே எனக்குப் பெருஞ்செல்வமாகத் தோன்றுகிறது. இரும்பைத் துருவிலிருந்து காக்க நெய் பூச வேண்டும், காம்பைத் திருத்தி வைக்க வேண்டும், கூரை வேய்ந்த மனையில் காவலோடு வைக்க வேண்டும் என்ற அறிவு தொண்டைநாட்டில் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது என்பதற்கு அப்பாடல் சான்று. இன்றைய அருங்காட்சியக வேதியியலார் இரும்புப் பொருளுக்குச் சொல்லும் அறிவுரையும் சாரத்தில் இதுவே.

அப்பாடலுக்குத் துறை வகுத்தோர் அதனை வாள்மங்கலம் என்றனர். வாளை நீராட்டிச் சிறப்புச் செய்து வாழ்த்தும் துறை அது. தொல்காப்பியம் பாடாண் திணையில் வாள்மங்கலத்தைக் கூறுகிறது. குடையையும் வாளையும் நல்ல நாளில் புறவீடு விடும் நாட்கோளையும் அது கூறுகிறது. வாளுக்கு நாள் பார்த்த, நீராட்டிய, வாழ்த்துப் பாடிய மக்கள் நாம். அவ்வளவும் செய்த நம்மிடம் இன்று எஞ்சியுள்ள பழைய வாள்கள் எத்தனை?

ஆவிரையும் எருக்கும் தந்த உருக்கு

செய்யத் தெரியாததால் குறைந்தன என்று சொல்ல வழியில்லை. டமாஸ்கஸ் வாள் என்று உலகம் வியந்த வாள்களின் எஃகு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உருக்கப்பட்டது. ஐரோப்பியர் அதனை ‘ஊட்ஸ்’ என்றனர். நம் உருக்கு, கன்னடத்து உக்கு ஆகிய சொற்களின் வழியாகவே அப்பெயர் பிறந்தது என்பது பலர் கருத்து. ஈரோடு மாவட்டத்தில் நொய்யற்கரைக் கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் நிகழ்த்திய அகழாய்வு சங்ககால இரும்புத் தொழிலின் உலைகளை வெளிப்படுத்தியது. தென்னார்க்காட்டு மேல்சிறுவளூரில் எஃகு உருக்கிய மண் மூசைகளின் சிதைவுகளை சாரதா சீனிவாசன் கண்டறிந்து 1990-களில் வெளியிட்டார்.

அத்தொழிலின் முறை எளியது போலத் தோன்றும். தேனிரும்பைத் துண்டுகளாக்கிச் சிறு மண் மூசைக்குள் இடுவர். அதனோடு உலர்ந்த ஆவிரைக் கட்டைத் துண்டுகளை வைப்பர். மேலே எருக்கிலை போர்த்திக் களிமண்ணால் வாயை மூடுவர். பல மூசைகளை ஓர் உலையில் அடுக்கித் துருத்தி ஊதுவர். மரத்திலும் இலையிலும் இருந்த கரி இரும்பினுள் ஏறும். ஆறியபின் மூசையை உடைத்தால் உள்ளங்கையில் அடங்கும் எஃகுக் கட்டி கிடைக்கும். நூற்றுக்கு ஒன்றுக்கும் மேற்பட்ட கரிப்பங்கு கொண்ட அந்தக் கட்டியை மிகையாகச் சூடேற்றாமல் பொறுமையாக அடித்து நீட்டினால், நீரோட்டம் போன்ற வரிகள் அலகின்மேல் தோன்றும். பறங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஜோசையா ஹீத் 19-ஆம் நூற்றாண்டில் இம்முறையை எழுதிவைத்தார். இலண்டனில் மைக்கேல் பாரடே 1819 முதல் இந்த எஃகை ஆய்ந்து, அதைப்போல் ஒன்றைச் செய்துவிட முயன்றார்.

திருமுல்லைவாயிலின் எருக்கந்தூண்களை அடுத்தமுறை காணும்போது, எருக்கிலை எஃகுக்கும் மூடியாக இருந்தது என்பதை நண்பர்கள் நினைவுகூர்ந்தால் மகிழ்வேன். சாலையோரத்துக் களைச்செடி என்று நாம் ஒதுக்கியது ஒருகாலத்தில் உலகச் சந்தைக்குப் போன பொருளின் மேற்போர்வை.

1863: உடைபட்ட கொட்டில்

தஞ்சாவூர் அரண்மனையின் படைக்கொட்டில் தமிழகத்தின் கடைசிப் பெருங்கொட்டில். நாயக்கர் காலத்திலும் பின்னர் மராத்தியர் காலத்திலும் வாள், கட்டாரி, ஈட்டி, அங்குசம், கவசம் என அங்கே சேர்ந்தவை மிகப் பல. தஞ்சைக் கட்டாரிகளுக்குத் தனி அடையாளம் உண்டு. கைமுட்டியை மூடிக் காக்கும் வளைந்த கேடயம் பிடியோடு இணைந்திருக்கும். பிடியின் இரும்பை வெட்டி யாளியும் மகரமும் கொடியும் செதுக்கியிருப்பர். ஒரு கோயில் தூணில் சிற்பி செய்த வேலையை உள்ளங்கையளவு இரும்பில் கொல்லன் செய்திருப்பான். அலகு மட்டும் பல வேளைகளில் கடல் கடந்து வந்தது. ஐரோப்பிய வாளின் அலகைக் குறைத்துத் தமிழ்நாட்டுப் பிடியில் பொருத்தியிருப்பார்கள்.

1855-இல் இரண்டாம் சிவாஜி மன்னர் ஆண்வாரிசின்றி மறைந்தார். டல்ஹவுசியின் காலத்துக் கொள்கைப்படி அரசு முடிந்தது என்று கும்பினியார் அறிவித்தனர். கொட்டிலின் படைக்கலங்கள் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டன. 1863-இல் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த கேப்டன் ஜெஸ்ஸி மிட்செல் காலத்தில், அவற்றில் சிறந்தனவெனக் கருதப்பட்டவை அருங்காட்சியகத்துக்குத் தெரிந்தெடுக்கப்பட்டன. எஞ்சிய பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய உலோகமாகப் போயிற்று. இன்று எழும்பூரில் படைக்கலக் கூடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நாம் காண்பது அந்தத் தெரிவில் பிழைத்தவை. தஞ்சைக் கட்டாரிகள் சில கடல் கடந்தும் பிழைத்தன. உலக நாடுகள் பலவற்றின் படைக்கலங்களைத் திரட்டி 1934-இல் பெருஞ்சொல்லடைவு வெளியிட்ட அமெரிக்கர் ஜார்ஜ் கேமரன் ஸ்டோன், ஜப்பானிய வாள்களோடு இந்தியக் கட்டாரிகளையும் சேர்த்தார். 1935-இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பு நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தை அடைந்தது.

அதே 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள் நம் பூவிருந்தவல்லிக்குத் தெற்கே பல்லாவரத்தில், நிலவியல் அளவைத் துறையின் இராபர்ட் புரூஸ் புட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தொடக்கம் அந்நாள் என்பர். அதே ஆண்டிலேயே கொற்றலை ஆற்றுப்பகுதியில் அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகள் கிடைத்தன. புட் ஒவ்வொரு கல்லிலும் கிடைத்த ஊரைக் குறித்துவைத்தார். அவர் திரட்டிய தொகுப்பு 1904-இல் அதே சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தது. வழியில் கிடந்த கல் ஊர்ப்பெயரோடு காக்கப்பட்டது. அரண்மனையில் இருந்த எஃகு பெயரின்றி உடைந்தது. இரண்டும் ஓர் ஆண்டின் நிகழ்ச்சிகள்.

தஞ்சை அரண்மனைக்கு உள்ளேயே இன்னொரு ஒப்புமை இருக்கிறது. படைக்கொட்டில் இருந்த அதே அரண்மனையில்தான் சரசுவதி மகால் நூலகமும் இருந்தது. ஓலைச்சுவடி இரும்பினும் மெலிது. செல்லரிக்கும், ஈரம் தின்னும். ஆயினும் சுவடிகள் தப்பின. பர்னெல் அவற்றுள் வடமொழிச் சுவடிகளை ஒவ்வொன்றாகப் பெயரிட்டு அட்டவணை செய்து 1880-இல் முடித்து வெளியிட்டார். 1918-இல் நூலகம் மக்களுக்கு உரியதாயிற்று. இந்த வேறுபாட்டிற்கு அரசியற் காரணங்கள் உண்டு. படைக்கலத்தை ஆள்வோர் அஞ்சினர், சுவடியை அஞ்சவில்லை. ஆனால் அச்சம் ஒன்றே காரணம் என்று சொல்லி நாம் விலகிக்கொள்ள முடியாது. ஒவ்வொரு சுவடிக்கும் ஒரு பெயர் இருந்தது, ஆசிரியர் இருந்தார், அதைக் கேட்டுவர ஒருவர் இருந்தார். வாள்களுக்கோ அப்படி ஒரு வரிசை இல்லை. பெயரால் எண்ணப்பட்டவை நின்றன. எடையால் எண்ணப்பட்டவை உலைக்குப் போயின. இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான்.

ஊர்ப்புறத்து வாள்களுக்கு நேர்ந்ததும் இதுவே. 1801-இல் பாளையக்காரர் போர் ஒடுங்கியபின், ஆளுநர் எட்வர்டு கிளைவின் பறைசாற்று பாளையங்களில் படைக்கலம் வைத்திருப்பதைத் தடுத்தது. 1878-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் உரிமம் இன்றி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. வீட்டில் இருந்தது கிணற்றுக்குப் போயிற்று. அல்லது கொல்லன் கையில் களைக்கொட்டாயிற்று. சாமி வீட்டில் ஒளிந்தவை மட்டும் தெய்வத்தின் துணையால் தப்பின. அதனினும் பழையனவற்றை மண்ணே காத்தது. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் சில ஆண்டுகள் தோண்டியெடுத்த இரும்பு வாள்கள் எழும்பூரில் உள்ளன. அவருக்கு முன்னரே 1876-இல் யாகோர் எடுத்தவை பெர்லினுக்குச் சென்றன.

யப்பானியர் செய்தது என்ன?

வாளைக் காத்தவர் எனும்போது உலகம் யப்பானியரையே சுட்டும். அவர்களுக்கும் இடர்கள் குறைவாக வரவில்லை. 1588-இல் ஹிதேயோஷி குடியானவரிடமிருந்த வாள்களைப் பறித்தார். 1876-இல் மெய்ஜி அரசு இடையில் வாள் அணிவதையே தடுத்தது. 1945-இல் போரில் தோற்றபின், அமெரிக்கப் படை நாட்டிலுள்ள வாள்களை எல்லாம் ஒப்படைக்க ஆணையிட்டது. உடைத்தும் உருக்கியும் கடலில் கொட்டியும் அழிந்தவை கணக்கற்றவை. அவர்களுடைய பெருங்கொல்லன் மாசமுனேயின் பெயரால் வழங்கிய, தோக்குகாவா குடும்பத்தின் ‘ஹோஞ்சோ மாசமுனே’ என்னும் புகழ்பெற்ற வாள், அந்த ஆண்டின் இறுதியில் தோக்கியோவில் ஒரு காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டது. அதன்பின் அதைக் கண்டவர் இல்லை.

இங்கே ஒன்றை மறைத்தல் ஆகாது. நம் தமிழருக்கு யப்பானிய வாள் வெறும் கலைப்பொருள் அன்று. 1942 முதல் 1945 வரை மலாயாவில் அவ்வாளின் நிழலில் வாழ்ந்தவர்களும், சயாம் மரண இரயில்பாதையில் மாண்டவர்களும் நம் உறவினர். 1942 ஏப்பிரலில் யப்பானியர் படையெடுப்பு என்ற அச்சத்தால் சென்னை நகரமே காலியாயிற்று. ஆயினும் பட்டறையில் வாளைச் செய்தவனும் அதைத் தவறாக ஏந்தியவனும் ஒருவர் அல்லர். ஒரு பொருளைக் காப்பது அதன் கொடுமையை மறப்பது ஆகாது. காக்கப்பட்ட பொருளே கொடுமைக்கும் சான்று சொல்லும்.

யப்பானில் வாளைக் காத்தவை மூன்று. ஒன்று, பெயர். கொல்லன் பிடிக்குள் மறையும் அடிப்பகுதியில் தன் பெயரை உளியால் வெட்டுவது அங்கே பெருவழக்கு. ஊரும் ஆண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு. அந்த அடிப்பகுதியில் படியும் கருந்துருவை எவரும் துடைப்பதில்லை. அத்துருவின் நிறமே வாளின் வயதைச் சொல்லும் சான்று. அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கியவன் வாளின் பிறப்புச்சீட்டைக் கிழித்தவன் ஆவான்.

இரண்டு, வீட்டுப் பழக்கம். அலகை வெறுங்கையால் தொடுவதில்லை. விரலின் வியர்வை துருவுக்கு விதை. வாளை நோக்கிப் பேசுவதும் இல்லை. மூச்சின் ஈரம் படியும். குறித்த காலந்தோறும் உறையிலிருந்து எடுத்து, பழைய எண்ணெயை மெல்லிய தாளால் ஒற்றி, மெருகுக்கல்லின் நுண்பொடியைத் தட்டித் துடைத்து, கிராம்பெண்ணெய் கலந்த எண்ணெயை மெல்லிய படலமாகப் பூசுவர். அணிகலன் போன்ற உறையை நீக்கி, ஹோ என்னும் மென்மரத்தாலான வெள்ளை உறையில் அலகை உறங்கவைப்பர். தொண்டைமான் கொட்டிலின் நெய்யும் காவல்மனையும் அங்கே இன்றும் வழக்கில் இருக்கின்றன என்றே சொல்லலாம். சாணை தீட்டுவதோ வீட்டார் வேலையன்று. அது பல ஆண்டு பயின்ற தனித் தொழில். ஒவ்வொரு தீட்டும் எஃகில் ஒரு படலத்தை என்றைக்குமாக எடுத்துவிடும் என்பதால், தீட்டாமல் இருப்பதே பல வேளைகளில் பேணுதல்.

மூன்று, எடுத்துரைக்க ஓர் ஆள். 1945-இல் வாளறிஞர் ஹொன்மா ஜுன்ஜி போன்றோர் அமெரிக்க அதிகாரி காட்வெல்லிடம் சென்று, படைக்கலம் வேறு, கலைப்பொருள் வேறு என்று வாள்களைக் காட்டி விளக்கினர். கலைமதிப்புள்ளவை விலக்குப் பெற்றன. 1948-இல் கலைவாள் காப்புச் சங்கம் தோன்றியது. தோக்கியோவின் அக்காபானேயில் குவிந்திருந்த வாள்களிலிருந்து 5,000-க்கும் மேற்பட்டவை பிரித்தெடுக்கப்பட்டன. பிரித்தவற்றுள் உரியவரிடம் சேராதவை பல்லாண்டுகள் காத்திருந்து, 1999-இல் நாட்டின் பல அருங்காட்சியகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன.

1863-இல் தஞ்சைக் கொட்டிலுக்காக அப்படிப் பேச ஒருவர் முன்வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தோற்றவர் சொல்லை வென்றவர் கேட்டிருப்பரா என்பது ஐயமே. ஆனால் யப்பானில் பேசியவர்களும் தோற்றவர்களே. அவர்கள் கையில் இருந்த வலிமை, இந்த வாளைச் செய்தவன் இன்னான், இன்ன ஊரான் என்று சொல்லக்கூடிய ஏடுகள் மட்டுமே.

நம் இல்லங்களில்

பேணும் உணர்வு நம்மிடம் அற்றுப்போகவில்லை. ஆயுத பூசை நாளில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குள் நடந்து பாருங்கள். கடைசல் இயந்திரம் முதல் திருகுசாவி வரை சந்தனமும் குங்குமமும் துலங்கும். 1961 முதல் கனரக வாகனத் தொழிற்சாலை இயங்கும் ஆவடியும், வாள்மங்கலம் தன் வடிவை மாற்றிக்கொண்டு வாழும் ஊர்தான். குறை உணர்வில் இல்லை, முறையில் இருக்கிறது.

நம் வீடுகளில் பழைய வாளோ கட்டாரியோ இருந்தால், பூசைக்கு முன் புளியும் செங்கற்பொடியும் இட்டுத் தேய்ப்பார்கள். இக்காலத்தில் உப்புத்தாள் இட்டும் தேய்க்கிறார்கள். புளியின் காடி எஃகை அரிக்கும். செங்கற்பொடி அதன் வரிகளையும் மங்கிய எழுத்துகளையும் கொண்டுபோகும். பின்பு ஈரச் சந்தனம் இட்டு, மறு ஆண்டுவரை அப்படியே விட்டுவிடுவார்கள். பொட்டு இருந்த இடத்தில் வட்டமாகத் துரு இறங்கும். சென்னையின் கடற்காற்றில் உப்பு இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழைநாளில் ஈரம் இருக்கிறது. துருவுக்கு வேறு என்ன வேண்டும்?

செய்ய வேண்டியவை சிலவே. பொட்டை அலகில் இடாமல் பிடியிலோ பலகையிலோ இடலாம். அலகில் இட்டே தீரவேண்டுமென்றால் அன்று மாலையே உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்துவிடலாம். செந்துரு பொடியாய் உதிருமாயின், மென்மையான தூரிகையும் சிறிது எண்ணெயும் போதும். இறுகிய கருந்துருவைத் தொடல் ஆகாது. நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் நாளடைவில் பிசினாகிப் புளிப்பேறும். தையல் இயந்திரத்துக்கு இடும் மெல்லிய எண்ணெய் அவற்றினும் நன்று. தோலுறைக்குள் வாளை நெடுநாள் வைத்திருத்தல் தீது. பதனிட்ட தோலில் உள்ள புளிப்பும் ஈரமும் அலகைத் தின்னும். உறையையும் அலகையும் அருகருகே, ஆனால் தனித்தனியே வைக்கலாம். சுவரில் மாட்டினால் வெளிச்சுவர் வேண்டா. மழைநாளில் அதில் ஓதம் ஏறும். சிதைவு மிகுந்திருந்தால் வல்லாரை நாடுவதே முறை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-இலேயே பரமசிவன் என்ற வேதியியலார் ஆய்வுக்கூடம் தொடங்கி, துருவேறிய செப்புத் திருமேனிகளை மின்பகுப்பு முறையால் மீட்டார். தமிழ் மண்ணுக்கு இக்கலை அயலானதன்று.

சட்டத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த வாள் தொல்பொருள். அதனை வெளிநாட்டுக்குத் தனியார் ஏற்றுமதி செய்தல் ஆகாது. 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டமும் நீண்ட அலகுள்ளவற்றைத் தன் வரம்புக்குள் கொண்டது. ஐயம் இருப்பின் அஞ்சிக் கிணற்றில் எறிவதை விட உரிய அலுவலகத்தைக் கேட்பது நலம்.

இவை எல்லாவற்றினும் முதன்மையானது எழுதிவைத்தல். இது யாருடையது, எந்த ஊரிலிருந்து வந்தது, எவர் கையிலிருந்து எவர் கைக்கு மாறியது, நீளம் என்ன, எழுத்தோ முத்திரையோ உண்டா, குடும்பத்தில் வழங்கும் கதை என்ன என்று ஒரு தாளில் எழுதி, ஒரு படமும் எடுத்து, வாளோடு வைத்துவிடல் வேண்டும். கதை பொய்யாகவும் இருக்கலாம். பொய்யென்று காட்டவும் அது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இதனை அறிவுரையாகச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் பழைய வீட்டின் பூசை மாடத்தில் ஒரு குறுவாள் இருந்தது. பித்தளைப் பிடி, அலகு நடுவில் சற்றே அகன்று வரும், பிடிக்கு அருகே நான்கைந்து எழுத்துகள். ஆண்டுதோறும் அம்மா அதைப் புளியிட்டுத் தேய்ப்பார். நான் பள்ளியில் படித்தபோது எழுத்துகளை விரலால் தடவி உணர முடிந்தது. கல்லூரிக்குச் சென்றபோது முடியவில்லை. தாத்தா அதைப் பற்றி ஏதோ ஒரு கதை சொல்வார். மறுமுறை கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். வீட்டை இடித்துக் கட்டியபோது, உடைந்த வாளியோடும் சன்னல் கம்பிகளோடும் அதுவும் காயலான் கடைக்குப் போயிற்று. நான் ஊருக்கு வந்து கேட்டபோது எடை மட்டுமே சொன்னார்கள். மொத்த இரும்பின் எடை. அதில் வாளின் எடை எவ்வளவு என்றுகூட எவர்க்கும் தெரியவில்லை. 1863-இல் கோட்டையில் நடந்ததைக் குறைகூறும் நான், என் வீட்டு முற்றத்தில் அதையே நடக்கவிட்டேன். வாழ்நாளெல்லாம் எழுதிக்கொண்டிருந்தவன், அந்த ஒன்றைப் பற்றி நான்கு வரி எழுதிவைக்கவில்லை.

ஆகவே நம் வட்டத்து நண்பர்க்கு ஒரு வேண்டுகோள். பத்தாண்டுகளாக நாம் மாதந்தோறும் கூடிப் பாட்டுகளைப் படித்தும் திருத்தியும் காத்தும் வருகிறோம். வரும் ஆண்டுகளில் கவியரங்கிற்கு வரும்போது, தத்தம் இல்லத்திலோ உறவினர் இல்லத்திலோ ஊர்க்கோயிலிலோ உள்ள ஒரு பழம்படைக்கலத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள். பொருளைக் கொண்டுவர வேண்டா. அது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். ஐயனார் கோயில் அரிவாள் ஐயனாரிடமே இருக்கட்டும். அதன் பெயரும் ஊரும் கதையும் மட்டும் நம் ஏட்டில் ஏறட்டும். பூவிருந்தவல்லி முதல் திருநின்றவூர் வரை நூறு பக்கம் சேர்ந்தால், அதுவே தொண்டைநாட்டின் இற்றைநாள் படைக்கொட்டில்.

ஔவையார் தொண்டைமானின் கொட்டிலை எள்ளினார். ஆயினும் பீலியையும் மாலையையும் நெய்யையும் தன் பாட்டுக்குள் கொண்டுவந்து வைத்தார். அக்கொட்டிலும் இல்லை, அதியமானின் முறிந்த படைக்கலங்களும் இல்லை. கொல்லன் உலைக்களத்தில் கிடந்தவற்றையும் காவல்மனையில் கிடந்தவற்றையும் ஒருங்கே நாம் இன்று காண்பது அவர் எழுதிவைத்ததால் அல்லவா? வாள்மங்கலம் பாடுவது புலவர்க்கு உரிய தொழில் என்று தொல்காப்பியர் காலத்திலேயே வகுத்துவிட்டார்கள். நம் பங்குக்கு, வாளுக்குப் பெயர் சொல்லிப் பாடுவோம்.